கருத்தரிப்பு மையம் எழும்பூரில், கருமுட்டைச் சந்தை ஈரோட்டில்

குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு அரசு மருத்துவமனையா, தனியார் மருத்துவமனையா என்ற கேள்வி பெரும்பாலும் பணவசதி பற்றிய கேள்வியாகவே பேசப்படுகிறது. கொங்கு மண்டலத்தில் அது அவ்வளவோடு நிற்பதில்லை. கோவை, ஈரோடு, சேலம் நகரங்களில் தனியார் கருத்தரிப்பு மையங்கள் பெருகியுள்ளன. அவற்றின் வாசலுக்கு ஏழைப் பெண்கள் சிகிச்சை தேடியும் வருகிறார்கள். கருமுட்டை தருபவர்களாகவும் அழைத்து வரப்படுகிறார்கள். இந்த இரண்டாவது வருகையைக் கணக்கில் கொள்ளாமல் முதல் கேள்விக்கு விடை காண முடியாது என்று கருதுகிறோம்.

2022 ஜூன் மாதம் ஈரோட்டில் வெளிவந்த வழக்கை நினைவுகூர்வோம். பதினாறு வயதுச் சிறுமி ஒருவரிடமிருந்து, அவர் பருவமடைந்த காலம் தொட்டுப் பலமுறை கருமுட்டை எடுக்கப்பட்டு, தனியார் மருத்துவமனைகளுக்கு விற்கப்பட்டது தெரியவந்தது. சிறுமியின் தாய், தாயுடன் வாழ்ந்தவர், இடைத்தரகராகச் செயல்பட்ட பெண், வயதைக் கூட்டிக்காட்டும் போலி ஆதார் அட்டை தயாரித்தவர் ஆகியோர் கைது செய்யப்பட்டனர். போக்சோ சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. மாநில சுகாதாரத் துறையின் விசாரணை, தமிழ்நாட்டு மருத்துவமனைகளோடு கேரளத்திலும் ஆந்திரத்திலும் இருந்த மருத்துவமனைகள் வரை சென்றது. ஒரு போலி அட்டையைக் கண்டு ஏமாந்தோம் என்று மருத்துவ உலகம் சொல்லக்கூடும். ஒரு சிறுமியின் உடலைப் பரிசோதித்த மருத்துவர்களுக்கு வயதை அறிய அட்டை ஒன்றுதான் வழியா என்பது நமது கேள்வி.

செயற்கை முறைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், 2021 என்ற ஒன்றியச் சட்டம் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி கருமுட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குட்பட்டவராக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே தரலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக்கூடாது. அவர் பெயரில் பன்னிரண்டு மாதங்களுக்குக் காப்பீடு செய்ய வேண்டும். விற்பனை குற்றம். சட்டத்தின் சொற்கள் நன்றாகவே உள்ளன. ஆயினும் கருமுட்டைக்குத் தேவை பெருகிக்கொண்டே இருக்கும்போது விலையைத் தடை செய்தால், விலை மறைவுக்குப் போகிறது, தரகர் மிஞ்சுகிறார். இது கருமுட்டையோடு முடியும் கதையன்று. பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளரின் சிறுநீரகங்கள் விற்கப்பட்ட செய்தி 2025இல் வெளிவந்து, உயர்நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கும் அளவுக்குச் சென்றது. அதே நாமக்கல் மாவட்டத்தில் பச்சிளங்குழந்தைகளை விற்ற வழக்குகள் 2019இலும் 2023இலும் பதிவாயின. கடன்பட்ட குடும்பத்தின் உடலும் குழந்தையும் சரக்காகும் வட்டாரம் இது.

சாதியும் இங்கே புகுந்துகொள்கிறது. கொடையாளரின் நிறம், சாதி ஆகியவற்றை விசாரிக்கும் வழக்கம் இந்தியக் கருத்தரிப்புத் துறையில் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். மணமகள் தேடும் விளம்பரத்தில் காணும் அதே கேள்விகள் ஆய்வுக்கூடத்திற்குள்ளும் நுழைந்துவிட்டன. இதில் வியப்படைய ஒன்றுமில்லை.

இனி சிகிச்சை தேடி வருவோரின் பக்கம். குழந்தையின்மைக்கான காரணங்களில் சில, வறுமையோடும் வேலையிடத்தோடும் பிணைந்தவை. கருக்குழாய் அடைப்புக்கு இந்தியாவில் முக்கியக் காரணங்களுள் ஒன்று பிறப்புறுப்புக் காசநோய். தொடக்கத்தில் கண்டறிந்தால் அரசு தரும் இலவச மருந்திலேயே அந்நோய் குணமாகும். தாமதித்தால் குழாய் சிதைந்து, ஐ.வி.எஃப். எனப்படும் சோதனைக்குழாய் முறைதான் வழி என்றாகிவிடும். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளின் பெண் தொழிலாளர் ஏறத்தாழ நூறு பேரிடம் பேசி வெளியிட்ட புலனாய்வில், மாதவிடாய் வலிக்குப் பெயர் குறிக்காத மாத்திரைகளை ஆலைகளே கொடுத்தது வெளிப்பட்டது. கருப்பைக் கட்டிகளும் கருச்சிதைவும் உள்ளிட்ட தொல்லைகளை அப்பெண்கள் கூறியிருந்தனர். நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டத்தில் சிக்கிய இளம்பெண்களில் தலித்துகள் பெருந்தொகையினர் என்பதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இப்பெண்களுக்கு அரசு மருத்துவமனை பெரிதும் பழகியது குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சையின் வழியாகத்தான். பிள்ளை பெறுவதை நிறுத்துவதற்கு ஊக்கத்தொகை உண்டு; பெறுவதற்கு உதவி கேட்டால் வெகுதொலைவு செல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு கருத்தரிப்பு மையங்களுக்கு முதலில் தேர்ந்தெடுத்த இடங்கள் சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும். கோவையிலிருந்து சென்னை ஏறத்தாழ 500 கிலோமீட்டர், மதுரை 200 கிலோமீட்டருக்கும் மேல். ஐ.வி.எஃப். சிகிச்சையின் ஒரு சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, அதற்கிடையே பலமுறை ஸ்கேன், பிறகு முட்டை எடுத்தல், சில நாள் கழித்துக் கருவை வைத்தல் என்று இருக்கிறது. மாநகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணி செய்யும் அருந்ததியர் தம்பதி இத்தனை நாள் விடுப்பெடுத்தால், திரும்பும்போது வேலை இருக்குமா? இலவசச் சிகிச்சை என்பதன் விலையை இவ்வாறுதான் கணக்கிட வேண்டியுள்ளது.

உண்மையில் அரசு மருத்துவமனைகளிலும் அது முழு இலவசமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மும்பை இனப்பெருக்க நல ஆய்வு நிறுவனம் மேற்கொண்ட மதிப்பீட்டின்படி, ஒரு சுற்றுக்கு நோயாளி கையிலிருந்து செலவிடுவது அரசு மருத்துவமனையில் சுமார் 1.1 லட்சம் ரூபாய், தனியாரில் 2.3 லட்சத்திற்கும் மேல். ஒன்றிய அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 81 ஆயிரம் ரூபாய் வழங்கலாம் என்றும் அம்மதிப்பீடு பரிந்துரைத்தது. இளம் வயதுப் பெண்களுக்குக்கூட மூன்று சுற்றில் ஒன்றுதான் வெற்றி பெறும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தனியார் மையத்தின் விளம்பரப் பலகையில் இந்த விகிதம் இடம்பெறுவதில்லை.

எனவே தனியாரை நாடுமுன் செய்யக்கூடியவை உண்டு. விந்துப் பரிசோதனை எளியது, மலிவானது. ஏறத்தாழப் பாதித் தம்பதியரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் பெண்தான் தனியாக மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறாள், மலடி என்ற சொல்லும் அவளுக்கே. தைராய்டு, சர்க்கரை, காசநோய், கருப்பை ஸ்கேன் ஆகியவற்றை முதலில் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், இ.எஸ்.ஐ. அட்டை உள்ளோர் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் கேட்டுப் பெறலாம். பலருக்கு ஐ.வி.எஃப். தேவைப்படாது. தேவைப்பட்டுத் தனியாரிடம் சென்றாலும், வெற்றி வாய்ப்பு, பக்கவிளைவு, மொத்தச் செலவு ஆகியவற்றை முன்கூட்டியே விளக்குவது மையத்தின் கடமை என்று மேற்கண்ட சட்டத்தின் 21ஆம் பிரிவு கூறுகிறது. குறைதீர் பிரிவு வைத்திருப்பதும், செய்த சிகிச்சையைக் குறிக்கும் சான்று தருவதும் அதே பிரிவில் உள்ளன. பதிவுச் சான்றைக் காட்டாத மையத்தில் முன்பணம் கட்டக்கூடாது.

அரசால் இதைச் செய்ய இயலாது என்ற வாதம் நிற்காது. 2004 ஆழிப்பேரலையில் பிள்ளைகளை இழந்த தாய்மார்க்குக் கருத்தடையை நீக்கும் மறு அறுவைச் சிகிச்சையைத் தமிழ்நாடு அரசு இலவசமாக்கியது. தனியாரில் செய்துகொள்வோர்க்கு 25,000 ரூபாய் வரை உதவியும் அறிவித்தது. பிள்ளைப்பேறு அரசின் பொறுப்பு என்று அப்போது ஒப்புக்கொள்ளப்பட்டது. கோவா அரசு மருத்துவக் கல்லூரி ஐ.வி.எஃப். சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2024இல் நிறைவேறிய பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம், இம்மக்களுக்கான நிதியைத் துறைவாரியாக ஒதுக்கிச் செலவிட வழிசெய்கிறது. சுகாதாரத் துறையின் அந்தப் பங்கிலிருந்து கோவை அரசு மருத்துவமனையில் கருவியல் ஆய்வுக்கூடமும் அதற்கான கருவியலாளர் பணியிடமும் கேட்கலாம். எழும்பூருக்கும் மதுரைக்கும் செல்வோர்க்கு இழந்த கூலியும் தங்குமிடமும் கேட்கலாம். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் நாளில், சாக்கடை, பட்டா, இடுகாட்டுப் பாதை மனுக்களோடு இம்மனுவையும் இணைக்க மாணவர் அமைப்புகள் முன்வர வேண்டும்.