கரும்புகை கக்கும் ஆல்கோ, விசிலடிக்கும் ஜி.எம்: நெய்வேலிப் பாதையின் டீசல் இன்ஜின்கள்

நிலக்கரி ஊர் என்றதும், கரி ஏற்றிய வேகன்களை வரிசையாக இழுத்துப்போகும் கூட்ஸ் வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நெய்வேலியில் அந்தக் காட்சியைத் தேடினால் ஏமாற்றம்தான். சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரம் வெட்டிப் போடும் பழுப்பு நிலக்கரி, ரப்பர் பெல்ட்டில் ஏறி நேராக அனல் மின்நிலையத்துக்குப் போய்விடுகிறது. அதற்கு ரயிலே வேண்டியதில்லை.

காரணம் கரியிலேயே இருக்கிறது. நெய்வேலிக் கரியின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். வேகனில் ஏற்றி நெடுந்தூரம் கொண்டுபோனால் பாதிக் கூலி தண்ணீருக்குப் போகும். காய்ந்தால் பொடிந்துவிடும், குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெட்டிய இடத்திலேயே எரித்து மின்சாரமாக்கிக் கம்பியில் அனுப்பிவிடுவதுதான் லாபம். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கறுப்புப் பொருள்தான் இந்த ஊரின் தொடக்கம். 1956-ல் சுரங்கத்தை நடத்தும் நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962-ல் முதல் மின் அலகு ஓடியது. சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே மின்நிலையம் என்ற ஏற்பாடு அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை. இதே பழுப்பு நிலக்கரியை ஜெர்மனியின் ரைன் பகுதியில் ஆர்.டபிள்யூ.இ. நிறுவனம் தனக்கென்றே போட்ட மின்சார ரயில்பாதையில் கொண்டுபோகிறது. நெய்வேலி வெட்டும் இயந்திரத்தை ஜெர்மனியிலிருந்து வாங்கியது. ரயிலுக்குப் பதில் பெல்ட்டைத் தேர்ந்துகொண்டது.

ஆனாலும் ஊருக்கு ரயில் உண்டு. விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து ஊத்தங்கால் மங்கலம், நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் துறைமுகம் போகும் பாதை அது. காரைக்கால்–பெங்களூரு ரயில் போன்ற சில பயணிகள் வண்டிகள், நடுநடுவே கூட்ஸ் வண்டிகள் என்று சாவகாசமான பாதை. டீசல் இன்ஜின்களை ரசிக்க நினைப்பவர்களுக்கு இப்படிப்பட்ட கிளைப்பாதைகள்தான் சரியான இடம். விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் 2010-ஐ ஒட்டியே மின்கம்பி வந்துவிட்டது. விருத்தாசலத்திலிருந்து கிழக்கே கடலூருக்கும் மேற்கே சேலத்துக்கும் பிரியும் பாதைகளில் அதற்குப் பிறகும் பத்தாண்டுக் காலம் டீசல்தான் ராஜா.

பெயரிலேயே ஜாதகம்

இன்ஜின் பார்ப்பதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. பக்கவாட்டில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் எழுத்து பாதையின் அகலம்: டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஒய் என்றால் மீட்டர்கேஜ். இரண்டாவது எழுத்து டி என்றால் டீசல். மூன்றாவது எழுத்து வேலை: ஜி சரக்குக்கு, பி பயணிகளுக்கு, எம் இரண்டுக்கும், எஸ் யார்டில் வேகன்களைக் கோக்கும் ஷண்டிங் வேலைக்கு. ஆக, டபிள்யூ.டி.எம்-2 என்றால் அகலப்பாதையில் சரக்கும் பயணிகளும் இழுக்கும் டீசல், இரண்டாவது மாடல். பிற்காலத்து இன்ஜின்களில் எண் குதிரைத்திறனையும் சொல்லும். டபிள்யூ.டி.ஜி-3ஏ என்பது 3,100 குதிரைத்திறன், டபிள்யூ.டி.ஜி-4 என்பது 4,000.

கூடவே சின்ன எழுத்தில் ஷெட்டின் பெயரும் இருக்கும். திருச்சி பொன்மலை, ஈரோடு, சென்னை தண்டையார்பேட்டை என்று அது எந்த வீட்டுப் பிள்ளை என்பது அதில் தெரிந்துவிடும். கர்நாடகத்து ஹூப்ளி என்று எழுதிய இன்ஜின் விருத்தாசலத்தில் நின்றால், வெகுதூரத்து ரேக் ஒன்று வந்திருக்கிறது என்று பொருள்.

டீசல் இன்ஜினில் சக்கரத்தைச் சுற்றுவது டீசல் அல்ல, மின்சாரம். உள்ளே ஓடும் டீசல் இயந்திரம் ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களுக்குப் போகிறது. நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதேயில்லை. தண்டவாளத்தில் நகரும் குட்டி மின்நிலையம் அது. 2,600 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்-2 ஒன்று ஏறக்குறைய 1.9 மெகாவாட். நெய்வேலி முதல் அனல் மின்நிலையத்தின் தொடக்க கால அலகுகள் ஒவ்வொன்றும் 50 மெகாவாட். அதாவது, அப்படி ஓர் அலகுக்கு இருபத்தாறு இன்ஜின்கள் சமம்.

புகை ஏன் வருகிறது?

டபிள்யூ.டி.எம்-2-ன் பூர்வீகம் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ஸ்கெனெக்டடி நகரம். அங்கிருந்த அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி, சுருக்கமாக ஆல்கோ, தயாரித்த முதல் இன்ஜின்கள் 1962-ல் இந்தியா வந்தன. அதே ஆண்டில் போட்டிக் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் இன்ஜின்களும் வந்தன. ஆனால் தொழில்நுட்பத்தைக் கைமாற்றித் தர ஆல்கோ சம்மதித்தது. அதனால் வாராணசியில் அமைந்த டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் ஆல்கோவின் வழியிலேயே போனது. 1964 ஜனவரியில் அங்கே தயாரான முதல் இன்ஜின் வெளிவந்தது. தாய்க் கம்பெனியான ஆல்கோ 1969-லேயே மூடப்பட்டுவிட்டது. அதன் 251 ரக இயந்திரத்தை வாராணசி அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல், 3,100, 3,300 குதிரைத்திறன் என்று மெருகேற்றிச் செய்துகொண்டே இருந்தது.

ஆல்கோவைக் கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடிக்கலாம். லூப் லைனில் நிற்கும் சரக்கு ரயிலுக்கு ஸ்டார்ட்டர் சிக்னல் விழுகிறது. லோகோ பைலட் ஹாரன் கொடுத்து, கைப்பிடியை ஒவ்வொரு நாட்சாக ஏற்றுகிறார். மொத்தம் எட்டு நாட்ச். தடக் தடக் என்று சோம்பலாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் சத்தம் கனக்கிறது. கூரைப் புகைபோக்கியிலிருந்து கரும்புகை தூண்போல மேலெழும்புகிறது. முன்வரிசை வேகன்களின் கப்ளிங்குகள் இறுகும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கி ஓடி, கடைசியில் கார்டு வேனைத் தொடுகிறது. ஓரிரு நிமிடத்தில் புகை வெளுத்துவிடும்.

இந்தப் புகைக்குக் காரணம் டர்போ. இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போசார்ஜர், ஆல்கோவில் புகைக்காற்றின் வேகத்தால்தான் சுழலும். நாட்சை ஏற்றியதும் டீசல் உடனே கூடிவிடும். டர்போ வேகமெடுக்கச் சில விநாடிகள் ஆகும். அந்த இடைவெளியில் டீசல் அதிகம், காற்று குறைவு. எரியாத மிச்சம் கரும்புகையாகப் போகிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் வழிவந்த டபிள்யூ.டி.ஜி-4-ன் கதை வேறு. 1999-ல் அமெரிக்காவிலிருந்து வந்து, பின்பு வாராணசியிலேயே தயாரான இந்த இன்ஜினின் முதல் இருப்பிடம் ஹூப்ளி. இதில் உள்ள 710 ரக இயந்திரம் டூ ஸ்ட்ரோக். புகைக்காற்று போதுமான அளவு கிடைக்கும்வரை டர்போவை இயந்திரமே பல்சக்கரம் வழியாகச் சுழற்றிவிடும். அதனால் கரும்புகை பெரிதாக எழுவதில்லை. புகைக்குப் பதில் ஒரு மெல்லிய விசில் சத்தம் ஏறிக்கொண்டே போகும். ஆல்கோ ரசிகருக்கு இது சுவையில்லாத இன்ஜின், ஜி.எம். ரசிகருக்கோ இதுதான் நாகரிகம். இந்தப் பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு கிடையாது.

ஒரே ஆல்கோ குடும்பத்துக்குள்ளும் வித்தியாசம் பார்க்கலாம். பிளாட்பாரத்திலிருந்து சக்கரங்களைக் கவனித்தால் போதும். டபிள்யூ.டி.எம்-2-ல் ஒரு போகியில் உள்ள மூன்று அச்சுகளுக்கு இடையேயான தூரம் சமமாக இருக்காது. இரண்டு நெருங்கியும் ஒன்று விலகியும் நிற்கும். சரக்குக்கென்றே வந்த டபிள்யூ.டி.ஜி-3ஏ-வில் போகியே வேறு. தண்டவாளத்தை வழுக்காமல் பிடித்து இழுப்பதற்காக வடிவமைத்தது அது. இரண்டிலும் டிரைவர் அறை ஒரு முனையோரம்தான். நீண்ட பானெட் முன்னால் வரும்படி ஓட்டும்போது ஒருவர் பார்வை ஒரு பக்கம் மறையும். அதனால் பைலட்டும் உதவி பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் உரக்கச் சொல்லிச் சரிபார்ப்பது கூடுதல் முக்கியமாகிவிடும்.

பொன்மலையிலிருந்து ஸ்க்ரான்டன் வரை

அகலப்பாதைக்கு முந்தைய தலைமுறை தமிழ்நாட்டில் பார்த்துப் பழகிய டீசல், மீட்டர்கேஜின் ஒய்.டி.எம்-4. இதுவும் ஆல்கோதான், ஆறு சிலிண்டர், சுமார் 1,400 குதிரைத்திறன். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1968 முதல் வாராணசியிலும் தயாரானது. கனடாவின் மான்ட்ரியலில் செய்தவை ஒய்.டி.எம்-4ஏ. நீராவி இன்ஜின்களை ஓரங்கட்டிய இவை, கேஜ் மாற்றத்தால் தாங்களும் ஓரங்கட்டப்பட்டன. ஆனால் எல்லாமே காயலான் கடைக்குப் போய்விடவில்லை. பொன்மலைப் பணிமனை பலவற்றைப் பழுதுபார்த்துக் கப்பலேற்றியது. மலேசியா, மியான்மர் பாதைகளில் அவை புது வாழ்வு கண்டன. இன்றும் ஒய்.டி.எம்-4-ஐப் பார்க்க விரும்புகிறவர் நீலகிரிக்குப் போகலாம். குன்னூரிலிருந்து ஊட்டிவரை மலைரயிலை இழுப்பது அதுதான்.

அதே ஆறு சிலிண்டர் இயந்திரத்தை அகலப்பாதையில் பூட்டியது டபிள்யூ.டி.எஸ்-6. யார்டுகளில் மட்டுமல்லாமல், இரும்பாலை, துறைமுகம், மின்நிலையம் என்று சொந்த சைடிங் வைத்திருக்கும் தொழிற்சாலைகளிலும் இதைக் காணலாம். அபூர்வத்துக்கு இன்னோர் உதாரணம் டபிள்யூ.டி.எம்-7. 1987 முதல் 1989 வரை செய்தவை மொத்தமே பதினைந்து. 2,000 குதிரைத்திறன் கொண்ட அந்தப் பதினைந்தும் கடைசிக் காலத்தைத் தண்டையார்பேட்டை ஷெட்டில் கழித்தன.

அமெரிக்காவில் இதே ஆல்கோக்களைத் தேடிப் போகும் ரசிகர்கள் ஒரு நிலக்கரி ஊருக்குத்தான் போகிறார்கள்: பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன். பெரிய ரயில் கம்பெனிகள் லாபமில்லை என்று கைவிட்ட கிளைப்பாதைகளைச் சிறு கம்பெனிகள் எடுத்து நடத்துவது அங்கே வழக்கம். 1980-ல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம் அதைச் சுலபமாக்கியது. சிறு கம்பெனிக்குப் புது இன்ஜின் வாங்க வசதி இருக்காது. பழையதை வாங்கி, உதிரி பாகத்துக்கு இன்னொன்றைப் பிரித்து, ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். ஸ்க்ரான்டனின் டெலாவேர்–லாக்கவானா கம்பெனி ஆல்கோ, மான்ட்ரியல் இன்ஜின்களாகவே சேர்த்து வைத்துச் சரக்கு இழுக்கிறது. அங்கே ஓடுவதும் பொன்மலை மெக்கானிக்குகளுக்குக் கைவந்த அதே 251 ரக இயந்திரம்தான்.

இன்னும் பக்கத்தில் இலங்கை இருக்கிறது. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954-ல் கனடா கொடுத்த எம்-2 வகை இன்ஜின்களுக்கு ஆல்பர்ட்டா, ஒன்டாரியோ என்று கனடிய மாகாணங்களின் பெயரையே சூட்டினார்கள். அறுபது வயதைத் தாண்டிய பிறகும் அவற்றில் சில ரயில் இழுத்தன. பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், பிரான்ஸ், இந்தியா என்று ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒவ்வொரு காலத்தில் வாங்கியதால், இத்தனை ரக டீசலை இத்தனை சிறிய தீவில் பார்ப்பதே ஒரு விருந்து.

கம்பி வந்த பிறகு

நெய்வேலிப் பாதைக்கும் இப்போது மின்கம்பி வந்துவிட்டது. கார்டு லைனில் ஓடும் டபிள்யூ.ஏ.ஜி-9 மின்சார இன்ஜினின் திறன் 6,000 குதிரைத்திறனுக்கு மேல், பழைய டபிள்யூ.டி.எம்-2-ஐ இரண்டாகக் கோத்தாலும் அதை எட்ட முடியாது. செலவு குறைவு, புகை இல்லை, இறக்குமதி டீசல் மிச்சம். மறுத்துப் பேச ஒன்றுமில்லை. அந்தக் கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கு நெய்வேலியும் அறுபது ஆண்டுகளாகப் பங்கு கொடுத்து வருகிறது. சொந்தமாகக் கரி எரித்து மின்சாரம் செய்யும் ஊர் வழியாக டீசல் ரயில் ஓடியதுதான் விசித்திரம் என்றும் சொல்லலாம்.

வாராணசி ஆலை 2020-ல் பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் என்று பெயர் மாறி, மின்சார இன்ஜின்களில் மும்முரமாகிவிட்டது. டீசல் ஷெட்களிலேயே இப்போது மின்சார இன்ஜின்களும் நிற்கின்றன. டபிள்யூ.டி.எம்-2 பெரும்பாலும் ஓய்வுபெற்றுவிட்டது. 3ஏ வகைகளும் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. ஆகவே, பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம். விருத்தாசலம் ஜங்ஷன் நான்கு திசைப் பாதைகள் கூடும் இடம்; ஒரு பிளாட்பாரம் டிக்கெட் போதும். தண்டவாளத்தில் இறங்காமல், ஓடும் வண்டியோடு செல்ஃபி எடுக்காமல், படம் எடுக்கும் முன் ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தொல்லையில்லை. நெய்வேலிச் சுரங்கமும் மின்நிலையங்களும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் காவலில் உள்ளவை. அங்கே கேமராவுடன் போய் நிற்கக் கூடாது.

ரயில்வேக்கும் ஒரு வேண்டுகோள். ஆல்கோ தயாரித்து அனுப்பிய முதல் டபிள்யூ.டி.எம்-2, எண் 18040, டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நிற்கிறது, ஓடவில்லை. 1855-ம் ஆண்டு நீராவி இன்ஜினான இ.ஐ.ஆர்-21-ஐ 2010-ல் பெரம்பூர் பணிமனை மீண்டும் ஓடவைத்தது. அதைச் செய்யத் தெரிந்த தெற்கு ரயில்வேக்கு, ஓடும் நிலையில் உள்ள ஓர் ஆல்கோவைப் பொன்மலையில் அப்படியே வைத்துப் பராமரிப்பது கடினமான வேலையல்ல. உதிரி பாகங்களும், அந்த இயந்திரத்தைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகளும் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.