தமிழ்நாட்டில் தீயணைப்புப் பணியின் நிர்வாகமும் நிதியும்

தமிழ்நாட்டில் தீயணைப்பும் மீட்பும் மாநில அரசின் பொறுப்பில் உள்ள பணிகளாகும். உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கீழ் இயங்கும் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை இவற்றை மேற்கொள்கிறது. இதன் தலைமையகம் சென்னை எழும்பூரில் உள்ளது. 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் இத்துறைக்கு அடிப்படையாகும்.

நிர்வாகம்

துறைக்கு இயக்குநர் தலைமை வகிக்கிறார். மாவட்ட அலுவலர்களும் நிலைய அலுவலர்களும் அவருக்குக் கீழ் பணியாற்றுகின்றனர். தீயணைப்பாளர்களைத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு செய்கிறது.

1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளுக்கு மாநிலங்கள் ஒப்படைக்கக்கூடிய 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டது. தீயணைப்பு அதில் 7ஆவது. மும்பையில் மாநகராட்சியே தீயணைப்புப் படையை நடத்துகிறது. தமிழ்நாட்டில் இப்பணி மாநிலத் துறையிடமே உள்ளது.

நிதி

துறையின் சம்பளம், வண்டிகள், கட்டடங்கள் ஆகியவற்றுக்கான தொகையைச் சட்டமன்றம் ஆண்டுதோறும் தனி மானியக் கோரிக்கையாக நிறைவேற்றுகிறது. இதைத் தவிர, 15ஆவது நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி, மாநிலங்களின் தீயணைப்புப் பணிகளை நவீனப்படுத்த 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தை ஒன்றிய அரசு 2023இல் தொடங்கியது.

அமெரிக்க முறை

அமெரிக்காவின் பல மாநிலங்களில் ‘தீ பாதுகாப்பு மாவட்டம்’ என்ற தனி உள்ளாட்சி அமைப்பு உண்டு. பல இடங்களில் அதன் நிர்வாகக் குழுவை அப்பகுதி வாக்காளர்களே தேர்ந்தெடுக்கின்றனர். சொத்து வரியின் ஒரு பங்கு நேரடியாக அதற்குச் செல்கிறது. இதனால் கணக்குக் கேட்பது எளிது. ஆனால் சொத்து மதிப்பு குறைந்த ஊர்களில் வருவாயும் குறையும். மாநில அளவில் நிதி ஒதுக்கும்போது ஓர் ஊரின் சேவை அவ்வூரின் வரி வருவாயைப் பொறுத்ததாக இராது. எனினும், எந்த ஊருக்கு எப்போது நிலையம் என்பதில் ஊராருக்கு நேரடி அதிகாரம் இல்லை.

கொரட்டூர்: ஓர் எடுத்துக்காட்டு

அம்பத்தூர் நகராட்சியில் இருந்த கொரட்டூர், 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்து அம்பத்தூர் மண்டலத்தின் பகுதியானது. அருகிலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை உள்ளது. இங்குள்ளோர் செலுத்தும் சொத்து வரி மாநகராட்சிக்குச் சேர்கிறது. தீயணைப்பு நிலையத்தை நடத்துவதோ மாநில அரசு. ஆகவே புதிய நிலையமோ கூடுதல் வண்டியோ வேண்டுமெனில், அந்த முடிவு மாமன்றத்தில் எடுக்கப்படுவதில்லை. கோரிக்கை துறைக்கும், சட்டமன்ற உறுப்பினர் வழியாக அரசுக்கும் செல்ல வேண்டும். வண்டி நுழையும் அளவுக்குத் தெருவை ஆக்கிரமிப்பின்றி வைத்திருப்பது மாநகராட்சியின் வேலை. 18.30 மீட்டரைவிட உயரமான அடுக்குமாடிக் கட்டடங்களுக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று தேவை.

தீ விபத்து நேர்ந்தால் 101 அல்லது 112 என்ற எண்ணில் அழைக்கலாம்.