கேட்டும் எண்ணியும் கண்ட உண்மை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1922-ஆம் ஆண்டில் நுரையீரல் புற்றுநோயால் மாண்டவர்கள் 612 பேர் என்றும், 1947-இல் மாண்டவர்கள் 9,287 பேர் என்றும் மரணப் பதிவேடுகள் கூறின. கால் நூற்றாண்டில் ஏறக்குறைய பதினைந்து மடங்காகப் பெருகிவிட்ட இந்த மரணத்துக்குக் காரணம் யாதென்று ஆராயும் பொறுப்பை, புள்ளிவிவர நிபுணரான ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும், ரிச்சர்டு டால் என்ற இளம் வைத்தியரும் ஏற்றுக்கொண்டார்கள். இளமையில் கணிதத்தில் நாட்டம் கொண்டிருந்து, பின்னர் மருத்துவம் பயின்று, யுத்தகாலத்தில் ராணுவ வைத்தியராகவும் இருந்து திரும்பிய டால், மோட்டார் வண்டிகளின் புகையோ சாலையில் இடும் தாரோ இதற்குக் காரணமாகலாம் என்றே முதலில் அனுமானித்தார்.

லண்டன் நகரத்து இருபது ஆஸ்பத்திரிகளில், இந்நோய் கண்டவர்களையும், ஏறக்குறைய அதே வயதினராய் வேறு நோய்களுக்காகப் படுத்திருந்தவர்களையும் ஒரே விதமாக விசாரித்து, விடைகளைத் தொகுத்து ஒப்பிட்டதில், புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் புகைக்காதவர் இருவரே என்றும், மற்ற 649 பேரில் அத்தகையோர் 27 பேர் என்றும் தெரிந்தது. இங்கே நான் மிகவும் வியந்து போற்றுவது, அவர்கள் தம் முடிவின்மேல் தாமே எழுப்பிக்கொண்ட சந்தேகத்தைத்தான். கேள்வி கேட்டவர்கள், எதிரில் இருப்பவர் புற்றுநோயாளி என்று அறிந்தமையால் தம்மையறியாமலே விடையை ஒரு பக்கம் சாய்த்து எழுதியிருக்கலாமல்லவா? புற்றுநோய் என்று எண்ணி விசாரிக்கப்பட்டு, பின்னர் அந்நோய் இல்லையென்று நிர்ணயமானவர்களின் விடைகளை அவர்கள் தனியே எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய புகைப்பழக்கம் மற்ற நோயாளிகளின் பழக்கத்தையே ஒத்திருந்தது, சந்தேகம் நீங்கியது. கட்டுரை 1950-இல் பிரசுரமாயிற்று. டால் தாமும் சிகரெட்டை விட்டுவிட்டார்.

உலகம் உடனே நம்பிவிடவில்லை. ஆகவே 1951-இல், பிரிட்டிஷ் வைத்தியர்களுக்கே கடிதம் எழுதி, அவரவர் புகைப்பழக்கத்தைக் கேட்டறிந்து, விடையளித்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் யார் எப்போது எந்நோயால் இறக்கிறார்கள் என்று தொடர்ந்து குறித்துவரத் தொடங்கினார்கள். 1954-இல் வந்த முதல் அறிக்கையில் இறந்த ஆண்கள் 789 பேர். அவர்களுள் நுரையீரல் புற்றுநோய்க்கு இரையான 36 பேரில் புகைக்காதவர் ஒருவருமில்லை. பிற்காலத்தில் ரிச்சர்டு பீட்டோவும் சேர்ந்துகொள்ள, அந்தக் கணக்கு ஐம்பது ஆண்டுகள் நீடித்து, 2004-இல் டாலுக்குத் தொண்ணூற்றோரு வயதாகியிருக்கையில் முழு அறிக்கையாக வெளிவந்தது. விடாமல் புகைப்பவர் சராசரியாகப் பத்தாண்டு ஆயுளை இழக்கிறார்; அறுபதில் விட்டவர் மூன்றாண்டையும், ஐம்பதில் விட்டவர் ஆறாண்டையும், முப்பதில் விட்டவர் ஏறக்குறைய முழுப் பத்தாண்டையும் மீட்டுக்கொள்கிறார். மறு ஆண்டு டால் காலமானார்.

நோய்ப் பரவலியல் என்னும் இந்தச் சாஸ்திரத்தோடு இன்று கணிப்பொறியும் சேர்ந்து, சுகாதாரத் தரவு அறிவியல் என்ற பெயரில் லட்சக்கணக்கானவர்களின் மருத்துவப் பதிவுகளை ஒருங்கே ஆராய்கிறது. ஆனால் யாரை யாரோடு ஒப்பிடுவது, எதைச் சந்தேகிப்பது என்று தீர்மானிக்கும் விவேகத்தை யந்திரம் தருவதில்லை.

நம் நாட்டில் அந்த விவேகத்துக்குச் சான்று, சென்னையைச் சேர்ந்த டாக்டர் வேந்தன் கஜலட்சுமி, பீட்டோ முதலியோருடன் சேர்ந்து சென்னை நகரத்திலும் விழுப்புரத்துக் கிராமங்களிலும் நடத்திய ஆராய்ச்சி. இறந்துபோன 43,000 ஆண்களின் பழக்கத்தை வீட்டாரிடம் விசாரித்து, உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிட்டதில், நடுவயதில் பீடியோ சிகரெட்டோ புகைப்பவர்கள் காசநோயால் இறப்பது, புகைக்காதவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு அதிகம் என்று 2003-இல் வெளியாயிற்று. இங்கிலாந்தின் புகைஞனைப் புற்றுநோயும் இதயநோயும் கொண்டுபோக, நம் ஊர்ப் புகைஞனைக் காசமும் கொண்டுபோகிறது என்பதை, இங்கேயே எண்ணிப் பார்த்திராவிட்டால் நாம் அறிந்திருக்க முடியாது.

துக்கம் நடந்த வீட்டில் வந்து கேள்வி கேட்பவரைக் கண்டால் மனம் கசப்பது இயல்பே. ஆயினும் அப்படி ஒருவர் உங்கள் வாசலுக்கு வந்து, இன்னாருக்கு என்ன நோய் இருந்தது, எத்தனை ஆண்டு புகைத்தார் என்று கேட்பாராயின், தயைகூர்ந்து அவரை அமரச் சொல்லுங்கள். மறைக்காமல் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.