கைநழுவிய பலூன் ரயிலை நிறுத்துமா?

தை 5-ம் நாள் ஆற்றுத் திருவிழா என்றால், மணலூர்பேட்டை தென்பெண்ணைக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் நாள் அது. ராட்டினம், கரும்பு, கூடவே பலூன் இல்லாமல் திருவிழாவா?

இப்போதெல்லாம் ரப்பர் பலூனோடு, பொம்மை உருவத்தில் பளபளக்கும் ஃபாயில் பலூனும் விற்பனைக்கு வருகிறது. ஹீலியம் அடைத்த அந்தப் பலூன் கைநழுவினால் குழந்தை அழும், அவ்வளவுதானே என்று நினைப்போம். ஆனால், அது ஒரு ரயிலையே நிறுத்திவிடலாம்!

எப்படி?

ஃபாயில் பலூனின் பளபளப்புக்குக் காரணம் அதன் மேலுள்ள மெல்லிய அலுமினியப் பூச்சு. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். திருக்கோவிலூர் வழியாகச் செல்லும் விழுப்புரம் - காட்பாடி ரயில் பாதை மின்மயமானது. தண்டவாளத்துக்கு மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. நம் வீட்டுக்கு வருவது வெறும் 230 வோல்ட்!

பலூன் அந்தக் கம்பியையும் அருகிலுள்ள இரும்புத் தூணையும் ஒருசேரத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். உடனே துணை மின் நிலையத்தில் சப்ளை தானாகவே துண்டிக்கப்படும். பலூனின் கயிறு கம்பியில் சுற்றிக்கொண்டால், மின்சாரத்தை நிறுத்தி, ஊழியர்கள் மேலே ஏறி எடுக்கும்வரை பயணிகள் காத்திருக்க வேண்டியதுதான்.

ஹாங்காங் எம்.டி.ஆர். ரயில்களில் உலோகப் பூச்சுள்ள பலூன்களுக்குத் தடை இருக்கிறது. நம் நாட்டில் டெல்லி மெட்ரோவுக்குத் தலைவலி தருவது பட்டம். உலோகத் துகள் பூசிய மாஞ்சா நூல் மின்கம்பியில் சிக்கி ரயில்கள் தாமதமாகின்றன.

நாம் என்ன செய்யலாம்?

* ஃபாயில் பலூனை எடையுள்ள பொருளில் கட்டியே குழந்தையிடம் கொடுங்கள்.
* ரயில் நிலையத்துக்குப் போகும் முன் காற்றை இறக்கிவிடுங்கள்.
* விழா முடிந்ததும் பறக்க விடாமல், கிழித்துக் குப்பையில் போடுங்கள்.
* கம்பியில் சிக்கிய பலூனைக் குச்சியாலோ கொக்கியாலோ எடுக்கவே கூடாது. உயர் மின்னழுத்தக் கம்பியைத் தொடாமல், நெருங்கினாலே மின்சாரம் பாயும். ரயில் பாதை என்றால் 139-க்கும், தெருக் கம்பி என்றால் மின்வாரியத்தின் 94987 94987-க்கும் சொல்லுங்கள்.

பிள்ளை அழுதால் இன்னொரு பலூன் வாங்கித் தரலாம். கம்பியில் மாட்டியது அங்கேயே இருக்கட்டும்!