அதே ஃபைல், வேறு சிவப்பு

புத்தகக் கண்காட்சிகளில் மூன்று பாகம், ஐந்து பாகம் என்று வரும் நாவல்களைச் செட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். அடுத்த முறை போகும்போது முதுகுப் பக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சில செட்டுகளில் முதல் பாகம் மட்டும் ஒரு சிவப்பு, மற்றதெல்லாம் வேறொரு சிவப்பாக இருக்கும். முதல் பாகத்தை மட்டும் வாங்கிப் போகிறவர்கள் அதிகம் என்பதால், அது தனியாக மறு அச்சுக்குப் போயிருக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒரே அட்டை ஏன் இரண்டு தடவை ஒரே மாதிரி வருவதில்லை என்று தோண்டப் போனால், அது அவ்வளவுதான் விஷயம் இல்லை.

நான் தோண்டியதற்குக் காரணம், சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் ஒரு நண்பர். அவர் போட்ட கட்டுரை நூல் ஒன்று முதல் அச்சில் 500 பிரதி. அட்டை நல்ல அரக்குச் சிவப்பு. விற்றுத் தீர்ந்து, இரண்டாம் அச்சாக 300 போட்டார். அட்டை செங்கல் நிறத்தில் வந்து இறங்கியது. முதல் வாரமே ஒரு வாசகர் போன் செய்து, "சார், நான் வாங்கினது ஒரிஜினல் காப்பிதானா?" என்று கேட்டிருக்கிறார். கேட்டவர் மேல் தப்பில்லை. கள்ளப் பதிப்புக்கு வாசகர் அறிந்த முதல் அடையாளமே வெளுத்த அட்டைதான். காசு கொடுத்து வாங்கியவர் சந்தேகப்படுகிறார், உழைத்துப் போட்டவர் திருடன் மாதிரி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அச்சகத்தில் கேட்டால், "அதே ஃபைல், அதே மெஷின் சார்" என்கிறார்கள். இரண்டு தடவையும் அனுப்பிய பிடிஎஃப்களை வாங்கி ஹேஷ் போட்டுப் பார்த்தேன். ஒரு பைட் கூட மாறவில்லை. அச்சகம் பொய் சொல்லவில்லை.

மென்பொருள்காரன் புத்திக்கு இங்கேதான் இடிக்கிறது. உள்ளீடு ஒன்றே என்றால் வெளியீடும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? அச்சுக்குப் போகும் ஃபைலில் இருப்பது நிறமே இல்லை என்பது புரிந்த பிறகுதான் இந்தக் குழப்பம் தீர்ந்தது. சிஎம்ஒய்கே என்பது சயான், மஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகள். "மஜந்தா 90, மஞ்சள் 80, கருப்பு 35" என்று ஃபைல் சொன்னால், அந்தந்த மையின் புள்ளிகள் எவ்வளவு பரப்பை மூட வேண்டும் என்று மட்டும்தான் அர்த்தம். மை எந்தக் கம்பெனி, தாளில் எவ்வளவு தடிமனாக உட்கார வேண்டும், தாள் எவ்வளவு வெள்ளை என்பதெல்லாம் அதில் கிடையாது. சமையல் குறிப்பில் "உப்பு தேவையான அளவு" என்று போடுவார்களே, அதே கதை. போதாததற்குப் புள்ளிகள் தாளில் அழுந்தும்போது பெருக்கும். ஃபைலில் 50 சதவீதமாக இருக்கும் புள்ளி, ஆர்ட் கார்டில் சுமார் 65 சதவீதம் போலத் தெரியும். இந்தப் பெருக்கமும் அச்சுக்கு அச்சு கொஞ்சம் மாறும்.

உப்புப் போடுகிற கை மெஷின்மேனுடையது. ஆப்செட் மெஷினில் ஒவ்வொரு மைக்கும் ஒரு தொட்டி. தொட்டியின் அகலம் முழுக்க வரிசையாகத் திருகுகள். ஒவ்வொரு திருகும் தாளில் சுமார் 3 சென்டிமீட்டர் அகலப் பட்டைக்கு எவ்வளவு மை போக வேண்டும் என்று கட்டுப்படுத்தும். தாள் ஓடும் திசையில் அந்தப் பட்டையில் என்னவெல்லாம் இருக்கிறதோ, அத்தனைக்கும் ஒரே திருகுதான். சின்னப் பதிப்பகங்களின் அட்டை பெரும்பாலும் தனியாக ஓடாது. செலவு குறைய, வேறு புத்தகங்களின் அட்டைகளோடு சேர்த்து ஒரே தாளில் போடுவார்கள். இப்போது உங்கள் அரக்குச் சிவப்பு அட்டைக்கு நேர் பின்னால் ஒரு எழுத்தாளரின் முகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் சிவந்து போகிறதே என்று மெஷின்மேன் அந்தப் பட்டையில் மஜந்தாவைக் குறைப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஒரு சிவப்புப் பின்னணி கொஞ்சம் மாறினால் யாருக்கும் தெரியாது, மனித முகம் மாறினால் எல்லோருக்கும் தெரியும். மஜந்தா குறைந்த அரக்கு, செங்கல் பக்கம் நகர்ந்துவிடும். முதல் அச்சில் பக்கத்து அட்டை வேறு, இரண்டாம் அச்சில் வேறு. உங்கள் அட்டையின் நிறத்தை முன்பின் தெரியாத ஒரு புத்தகம் தீர்மானிக்கிறது!

அச்சு எண்ணிக்கையும் ஒரு காரணம். ஆப்செட்டில் மையும் தண்ணீரும் ஒரு சமநிலைக்கு வர வேண்டும். அதற்குள் ஒரு கட்டு வேஸ்ட் ஷீட் போய்விடும். மணிக்கு 10,000 தாள் ஓட்டக்கூடிய மெஷினுக்கு 300 தாள் என்பது இரண்டு நிமிட வேலை. நிறம் நிலைப்படுவதற்குள் வேலையே முடிந்துவிடும். இதோடு தாளின் வெள்ளை, மை காய்ந்த பிறகு பளபளப்பு இறங்குவது, லேமினேஷன் எல்லாம் சேரும். மேட் லேமினேஷன் அடர் நிறங்களைக் கொஞ்சம் வெளுக்க வைக்கும், பளபளப்பான லேமினேஷன் ஆழப்படுத்தும்.

இதற்கெல்லாம் தரக்கட்டுப்பாடு கிடையாதா என்றால், உண்டு. ஐஎஸ்ஓ 12647-2 என்ற தரநிலை ஆப்செட் அச்சுக்கென்றே இருக்கிறது. நிறத்தை எல், ஏ, பி என்று மூன்று எண்களாக அளப்பார்கள். எல் வெளிச்சம், ஏ பச்சை முதல் சிவப்பு வரை, பி நீலம் முதல் மஞ்சள் வரை. இரண்டு நிறங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் டெல்டா ஈ. நாம் பள்ளியில் படித்த பிதாகரஸ் கணக்கேதான். உதாரணத்துக்கு ஒரு அச்சில் 34, 40, 20. இன்னொன்றில் 37, 36, 27. வித்தியாசம் 3, 4, 7. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 74, அதன் வர்க்கமூலம் சுமார் 8.6. அருகருகே வைத்தால் 2, 3 வித்தியாசத்தையே பலர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் 8.6 கண்ணில் குத்தும்.

தரநிலை நான்கு மைகளுக்கும் தனித்தனியாக அனுமதிக்கும் விலகல் 5. எனக்குச் சுவாரசியமாகப் பட்டது இந்த இடம்தான். அந்த 5 என்பது தரநிலை சொல்லும் இலக்கிலிருந்து அளக்கப்படுவது, போன அச்சிலிருந்து அல்ல. முதல் அச்சின் மஜந்தா இலக்குக்கு ஒரு பக்கம் 5 தள்ளியும், இரண்டாம் அச்சின் மஜந்தா எதிர்ப்பக்கம் 5 தள்ளியும் இருக்கலாம். இரண்டுமே தேர்ச்சி. ஆனால் ஒன்றுக்கொன்று 10 தூரம். ஆக, இரண்டு அச்சும் தரமானவை என்பதால் இரண்டும் ஒரே நிறம் என்று ஆகிவிடாது. போன தடவை மாதிரியே வேண்டும் என்றால், போன தடவை வந்ததையே கையில் கொடுக்க வேண்டும்.

அதையும் சரியாகக் கொடுக்க வேண்டும். நண்பர் அச்சகத்துக்கு எடுத்துப் போன முதல் அச்சுப் பிரதி, கடைக் கண்ணாடி அலமாரியில் மாதக்கணக்கில் வெயில் பட்டது. வெயிலில் முதலில் சாவது மஞ்சளும் மஜந்தாவும்தான். பழைய சினிமா போஸ்டர்கள் நீலம் பாரித்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிரதியைக் காட்டி "இதே மாதிரி" என்றால் மெஷின்மேன் எதைப் பின்பற்றுவார்? முதல் அச்சு ஓடும்போதே திருப்தியான தாளில் இரண்டு மூன்றை எடுத்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, லேமினேஷன் செய்தது ஒன்று, செய்யாதது ஒன்று என்று காக்கி உறைக்குள் இருட்டில் வைப்பதுதான் உருப்படியான வழி. மெஷின் பக்கத்தில் ஒப்பிட வேண்டியது லேமினேஷன் செய்யாததை. ஒப்பிடும் வெளிச்சமும் முக்கியம். டியூப்லைட்டில் ஒத்துப்போகும் இரண்டு சிவப்புகள் வெயிலில் பிரிந்து நிற்கும். அச்சுத் துறை இதற்காக 5000 கெல்வின் விளக்கு வைத்திருக்கிறது. அது இல்லாத இடத்தில் பகலில் ஜன்னலோரம் போவது நல்லது.

வடிவமைப்பிலேயே செய்யக்கூடியவையும் உண்டு. மூன்று, நான்கு மைகளை அரைகுறைச் சதவீதத்தில் கலந்து பெரிய பின்னணி போடாதீர்கள். பழுப்பு, சாம்பல், அடர் ஊதா மூன்றும் பெரிய வம்பு. மஜந்தா 100, மஞ்சள் 100 என்று முழுசாகப் போட்டால் புள்ளி பெருக்கும் பிரச்சினை இல்லை. செட் புத்தகங்களுக்குத் தனி மை கலந்து ஐந்தாவது நிறமாக ஓட்டுவது இன்னும் உறுதி. செலவு கூடும், ஆனால் நிறம் மெஷினில் கலக்காமல் டப்பாவிலேயே கலந்துவிடும்.

எல்லாவற்றையும்விடச் சுலபமானது, முதல் அச்சிலேயே அட்டையைக் கூடுதலாகப் போட்டு வைப்பது. பிளேட் ஏறிவிட்ட பிறகு கூடுதல் 500 அட்டைக்கு ஆவது தாள், மை, லேமினேஷன் செலவுதான். விலை ஏறினால் பின்னட்டையில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியிருக்கும், பக்க எண்ணிக்கை மாறினால் முதுகு பொருந்தாது. அதற்குத் துணிந்தவர்களுக்கு மட்டும்.

மறு அச்சை டிஜிட்டலில் 50, 100 என்று எடுப்பவர்கள் ஆப்செட் நிறத்தை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். அது டோனர், இது மை. ஒரே ஒரு மாதிரிப் பிரதி எடுத்துப் பார்த்து, அந்த மெஷினுக்கென்று ஃபைலைத் திருத்தித் தனிப் பெயரில் சேமித்துக்கொள்ளலாம்.

நண்பரிடம் அந்த 300 பிரதிகள் அப்படியே இருந்தன. திருப்பி அடிக்கப் பணம் இல்லை. இணையக் கடைகளில் இருந்த பழைய அட்டைப் படத்தை எடுத்துவிட்டு, இரண்டாம் அச்சின் அட்டையைப் படம் பிடித்துப் போடச் சொன்னேன். கீழே "இரண்டாம் அச்சு, அட்டை நிறம் முதல் அச்சிலிருந்து மாறுபடும்" என்று ஒரு வரி. எஞ்சியிருந்த பழைய பிரதிகள் பத்தையும் தனிக் கட்டாகக் கட்டி வைத்திருக்கிறார், ஒரே ஆர்டரில் இரண்டும் கலந்து போகாமல் இருக்க.