முதல் பாகத்தில் செய்ததற்கு இரண்டாம் பாகத்தில் பதில்! - பேய் கேம்களும் பழையனூர் நீலியும்

இரவு பத்து மணிக்கு மேல் வெள்ளானூரில் கேட்கும் பெரிய சத்தம், வெளிவட்டச் சாலையில் போகும் லாரிகளுடையதுதான். ஆவடிக்கு வடக்கே பொறியியல் கல்லூரிகள் நிறைந்த பகுதி இது. மாணவர்கள் தங்கும் அறைகளில் லேப்டாப் வெளிச்சத்தைத் தேடிப்போனால், திரையில் பாழடைந்த ஒரு கோயிலும், அதற்குள் கையில் வாளோடு ஒருவனும் தெரியக்கூடும். 'கார்ட்டூன் மாதிரி இருக்கு, இதுல என்னடா பயம்?' என்று கேட்கும் பெற்றோர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

அந்த வகை விளையாட்டுக்கு ரோல்-பிளேயிங் கேம் என்று பெயர். சுருக்கமாக ஆர்.பி.ஜி. கதையின் நாயகன் யாரிடம் பேசுவது, யாரை நம்புவது, யாரை வெட்டுவது என்பதையெல்லாம் ஆடுபவரே முடிவு செய்ய வேண்டும். சினிமாவில் பேய் வந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம். இங்கே கதவைத் திறப்பதே நீங்கள்தான்.

1996 முடிந்து 1997 பிறந்த சமயத்தில் வெளியான 'டையப்லோ'வை எடுத்துக்கொள்வோம். ட்ரிஸ்ட்ரம் என்ற சின்ன ஊர். ஒரு கொல்லன், ஒரு வைத்தியர், ஊர்க் கதையெல்லாம் தெரிந்த கெய்ன் என்ற பெரியவர், மரக்கால் வைத்த விர்ட் என்ற சிறுவன். விர்ட் பலே கில்லாடி. தன்னிடம் இருக்கும் பொருளை வாங்க அல்ல, பார்க்கவே 50 பொற்காசு கேட்பான்! பின்னணியில் மேட் யூல்மென் இசையமைத்த 12 தந்தி கிடார், யாரோ தூரத்தில் அழுவதுபோல ஒலிக்கும். ஊருக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயம். அதன் அடியில் 16 தளங்கள். நாயகனைச் சுற்றிச் சின்ன வட்டமாக மட்டுமே வெளிச்சம். அதற்கு அப்பால் இருட்டு.

கடைசித் தளத்தில் இருக்கும் அசுரனைக் கொன்றால் எல்லாம் முடிந்தது என்று நினைப்போம். செத்து விழுந்த அசுரனின் உடல் மெல்ல மாறி, ஊர் ராஜாவின் காணாமல்போன சின்ன மகனின் உடலாகிறது. இத்தனை நேரமும் அசுரன் குடியிருந்தது அந்தப் பிள்ளைக்குள். அடுத்து, அசுரனைத் தன்னுள் அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கையில், அவனுடைய உயிர் உறைந்த கல்லை நாயகன் தன் நெற்றியிலேயே குத்தி இறக்கிக்கொள்கிறான். அதோடு விளையாட்டு முடிகிறது.

2000-ம் ஆண்டு இரண்டாம் பாகம் வந்தது. அதில் நீங்கள் வேறு ஆள். முக்காடு போட்ட ஒருவன் ஊர் ஊராகப் போகிறான். அவன் போன இடமெல்லாம் சுடுகாடாகிறது. யார் அவன்? முதல் பாகத்தில் நீங்கள் ஆட்டிவைத்த அதே நாயகன்தான். தேடிக்கொண்டு ட்ரிஸ்ட்ரமுக்குத் திரும்பினால் ஊர் எரிந்துகொண்டிருக்கிறது. உங்களுக்கு ஆயுதம் விற்ற கொல்லன் நடைப்பிணமாக உங்களை அடிக்க வருகிறான். பெரியவர் கெய்ன் கூண்டில் தொங்குகிறார். விர்ட் செத்துக் கிடக்கிறான். அவனுடைய மரக்காலை எடுத்துக்கொள்ளலாம். (அந்தக் காலை வைத்து மாடுகள் மட்டுமே வாழும் ரகசிய இடத்துக்குப் போகலாம் என்பது தனிக் கூத்து.)

அங்கே புதிதாக எந்தப் பேயும் திடீரென்று குதித்துப் பயமுறுத்துவதில்லை. தெரிந்த முகங்கள், தெரிந்த ஊர், நாம் ஆடிய ஆட்டத்தின் விளைவு. இதை 'த்ரில்' என்று சொல்வது போதாது. வயிற்றில் ஏதோ பிசைகிற உணர்வு அது.

2012-ல் வந்த மூன்றாம் பாகம் இந்த இடத்தில்தான் சறுக்கியது. 2008-ல் முன்னோட்டம் வெளியானபோதே 'வண்ணம் அதிகம், இருட்டு எங்கே?' என்று ரசிகர்கள் சண்டைக்கு வந்தார்கள். உண்மையில் நிறத்தைவிடக் கதைதான் பிரச்னை. வில்லன் அடிக்கடி காற்றில் தோன்றி, 'அடுத்து இதைச் செய்யப்போகிறேன்' என்று தன் திட்டத்தைத் தானே சொல்லிவிட்டுப் போகிறான். பிறகு எதற்குப் பயப்படுவது? இருந்தாலும் 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2023-ல் வந்த நான்காம் பாகம் மறுபடி இருட்டுக்கே திரும்பியது.

போலந்து நிறுவனம் ஒன்று 2015-ல் வெளியிட்ட 'தி விட்ச்சர் 3' இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் ஒரு சிற்றரசன் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறான், கரு கலைகிறது. பெயர்கூட வைக்காமல் புதைத்த அந்தச் சிசு பேயாக எழுகிறது. அதை வெட்டிப் போடலாம். அல்லது, அதைப் பெற்றவனே கையில் ஏந்திவந்து, பெயர் சூட்டி, வீட்டு வாசற்படியில் புதைத்தால் அது குடும்பத்தைக் காக்கும் தெய்வமாக மாறும். எதைச் செய்வது என்பது ஆடுபவர் கையில்.

இது நமக்கு அந்நியமான சங்கதியே இல்லை. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காகச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நடுவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்காக, வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்க ஒரு கல். போலந்துக்காரர்கள் தங்கள் பக்கத்துக் கிராமத்து நம்பிக்கையை எடுத்து உலகத்தையே ஆட வைத்துவிட்டார்கள்.

வெள்ளானூருக்குப் பக்கத்தில் அப்படி என்ன கதை இருக்கிறது?

ஆவடியில் அரக்கோணம் மின்சார ரயில் ஏறினால், திருவள்ளூர் தாண்டி வருகிறது திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் பேயுருவில் வந்து சேர்ந்த தலம். அதை ஒட்டிய ஊர் பழையனூர். 'நீலிக் கண்ணீர் வடிக்காதே' என்கிறோமே, அந்த நீலியின் ஊர்!

கதை சொல்பவருக்குச் சொல்பவர் சற்று மாறினாலும், சாரம் இதுதான். ஒருவன் தன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். அது முற்பிறவி, முதல் பாகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுபிறவியில் அவன் வணிகன். பேயான அவளோ நீலியாக வந்து, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் கணவர், என்னை விட்டு ஓடுகிறார்' என்று பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன்னால் அழுகிறாள். குழந்தையும் அவனை அப்பா என்கிறது. அவன் கையில் இருக்கும் வாள்தான் அவனுக்குக் காவல். அதையும் வாங்கிவைக்கச் சொல்கிறாள். 'இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள்' என்று அவன் கதறுகிறான். 'உனக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம்' என்று வாக்குக் கொடுத்து, வாளை வாங்கிக்கொண்டு இருவரையும் ஒரே இடத்தில் தங்க வைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல்லைக் காக்க எழுபது பேரும் தீப்பாய்ந்தார்கள்.

அழும் பெண், கைக்குழந்தை, கையில் வாளோடு கத்தும் ஆண். யாரை நம்புவீர்கள்? ஆர்.பி.ஜி விளையாட்டு ஆடுபவரிடம் கேட்கும் கேள்வியே இதுதான். இதில் யார் பக்கம் நியாயம் என்று சட்டென்று சொல்லிவிடவும் முடியாது. கொலை செய்தது அவன், ஏமாற்றியது அவள், நல்லது செய்வதாக நினைத்தே செத்தது எழுபது பேர். முதல் பாகத்தில் கணவனாக ஆடவிட்டு, இரண்டாம் பாகத்தில் அந்த எழுபது பேரில் ஒருவராக ஆடவிட்டால் எப்படியிருக்கும்!

பேராசை என்று தள்ள வேண்டியதில்லை. புனே நிறுவனம் ஒன்று 2020-ல் 'ராஜி'யை நம் புராண வாசனையோடு எடுத்தது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து 2023-ல் வந்த 'வெண்பா', 2024-ல் பாஃப்டா விருதே வாங்கியது. அதில் பேய் இல்லை, இட்லிதான் இருக்கிறது. நீலியின் தெற்கத்திச் சகோதரி கள்ளியங்காட்டு நீலியை வைத்து மலையாளத்தில் எடுத்த 'லோகா' படம் 2025-ல் ஓடிய ஓட்டம் எல்லோருக்கும் தெரியும்.

பெற்றோர் கவனத்துக்கு: 'டையப்லோ 4', 'தி விட்ச்சர் 3' இரண்டுக்குமே ஐரோப்பிய வயதுத் தரச்சான்று 18+. ரத்தம் தாராளம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பழையனூருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தீப்பாய்ந்த எழுபது பேருக்கான நினைவு மண்டபம் திருவாலங்காட்டை ஒட்டிய அந்தப் பகுதியில் இன்றும் இருக்கிறது.