விற்ற பிறகும் விடாத கார்

தில்லியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் கைமாறுவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். வாங்க வருபவர் தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டி வருவார். மெக்கானிக் பானெட்டைத் திறப்பார், என்ஜினை உறுமவிட்டுப் புகையின் நிறத்தைப் பார்ப்பார், கதவு ரப்பரை விலக்கி வெல்டிங் அடையாளம் தேடுவார். டீ, பேரம், பணம், சாவி. கரோல் பாக் தரகருக்குப் போயிருக்க வேண்டிய கமிஷன் மிச்சமானதில் இரு தரப்புக்கும் சந்தோஷம். அது புதன்கிழமை வரை நீடிக்கும். பிறகு போன் வரும். கிளட்ச் தேய்ந்திருக்கிறது, ஏ.சி. குளிரவில்லை, ஒர்க்‌ஷாப்பில் பெரிய தொகை கேட்கிறார்கள், பாதியாவது நீங்கள் தர வேண்டும்.

தர வேண்டுமா? சட்டம் பெருமளவு விற்றவர் பக்கம். பழைய பொருளைச் சோதித்து வாங்கும் பொறுப்பை 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வாங்குபவர் தலையில்தான் வைக்கிறது. நுகர்வோர் நீதிமன்றத்துக்கு இழுப்பேன் என்ற மிரட்டலும் அநேகமாக எடுபடாது. அந்தச் சட்டத்தின் குறி வியாபாரிகள். சொந்தக் காரை எப்போதோ ஒரு முறை விற்பவர் வியாபாரி அல்ல. தேய்ந்த கிளட்சுக்குச் சேர்த்துத்தானே விலை குறைந்தது?

பொய்க்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. தெரிந்த குறையை மறைக்க வேலை செய்வது மோசடி. கிலோமீட்டர் மீட்டரைப் பின்னுக்குத் திருப்பியவரும், வெள்ளத்தில் மூழ்கிய காருக்குப் புது உறை போட்டவரும், விபத்தே நடந்ததில்லை என்று வாட்ஸப்பில் எழுதிக் கொடுத்தவரும் இதில் சிக்குவார்கள். வாங்கியவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்யச் சொல்லலாம், போலீசுக்கும் போகலாம். இவர்கள் காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுவது மலிவு.

விசித்திரம் என்னவென்றால், நேர்மையாக விற்றவர்தான் பெரிய ஆபத்தில் மாட்டுகிறார். மடியில் கனமில்லை என்ற தைரியத்தில் அவர் போனை எடுப்பதை நிறுத்திவிடுகிறார். கோபத்தில் இருக்கும் வாங்கியவர் கையிலோ கையெழுத்திட்ட 29, 30ஆம் படிவங்கள் இருக்கின்றன. பிரச்னை தீரட்டும், அப்புறம் பெயர் மாற்றலாம் என்று அவற்றை மேஜை இழுப்பறையில் போட்டுவிடுவார். கார் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். சிக்னலைத் தாண்டினால் அபராதம் பழைய உரிமையாளர் பெயருக்கு வரும். ஃபாஸ்டேக்கை மூடாமல் விட்டிருந்தால் சுங்கக் கட்டணமும் அவர் கணக்கில்தான்.

அபராதம் சில்லறை விஷயம். 2018 பிப்ரவரி 6இல் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்த வழக்கு அப்படியல்ல. 2007 ஜூலையில் ஒருவர் தன் காரை விற்றார். அது மேலும் சில கைகள் மாறியது. பதிவேட்டில் பெயர் மட்டும் மாறவில்லை. 2009 மே மாதம் ஒரு காலை நேரத்தில், பின்னோக்கி வந்த அந்தக் கார் மோதி ஒரு சிறுவன் இறந்தான், உடன் நடந்த பெண் காயமடைந்தார். சிறுவனின் பெற்றோருக்கு ரூ. 3.75 லட்சம் இழப்பீடு. யார் கொடுப்பது? பின்னாளில் வாங்கிய ஒருவர் என்றது பஞ்சாப்-ஹரியாணா உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்தில் பாதிக்கப்பட்டவர் கைமாறிய சங்கிலியைத் தேடி அலைய முடியாது என்றது. கார் கையைவிட்டுப் போய் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து நடந்த விபத்து, முதலில் விற்றவர் தலையில் விடிந்தது.

ஆகவே அந்தப் புதன்கிழமை போனை எடுத்துப் பேசுவதில்தான் விற்றவரின் சுயநலமும் இருக்கிறது. வாங்கியவர் சொல்லும் ஒர்க்‌ஷாப்பின் எஸ்டிமேட்டை அப்படியே நம்ப வேண்டியதில்லை. இருவருக்கும் பொதுவான மெக்கானிக்கிடம் காரைக் காட்டலாம். விற்றபோதே இருந்திருக்கக்கூடிய கோளாறு என்றால், கடமை இல்லாவிட்டாலும் செலவில் ஒரு பங்கை ஏற்பதில் நஷ்டமில்லை. ஆனால் பெயர் மாற்ற விண்ணப்பத்தின் ரசீதைப் பார்த்த பிறகே பணம் கைமாற வேண்டும். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ள வேண்டும். இப்படிக் கேட்பதற்குக் கூச்சப்படுபவர்கள்தான் அதிகம்.

வாங்கியவர் மசியாவிட்டாலும் ஒரு வழி உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தானே தகவல் தர வேண்டும், நகலை வாங்கியவருக்கும் அனுப்ப வேண்டும். இதற்கு வாங்கியவரின் தயவு தேவையில்லை. இந்தத் தகவலால் மட்டும் பெயர் மாறிவிடாது. ஆனால் பின்னால் வழக்கு என்று வந்தால் தேதியோடு ஒரு காகிதம் கையில் இருக்கும். 2023 ஏப்ரல் முதல் அமலான விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் முறைப்படி ஒப்படைத்தால் பொறுப்பு அவருக்குப் போய்விடுகிறது. நேரடியாக விற்பவருக்கு அந்த நிம்மதி இல்லை.

பெயர் மாறியதா என்பதைப் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அதன் பிறகு வரும் ஏ.சி. புகாரை நிதானமாகவே கேட்கலாம்.